கறுப்பு மண்ணை மிதிக்காதீர்கள்

"கைபேசியில் மேப் இருக்கும்போது காசு கொடுத்து ஓர் ஆள் பின்னால் எதற்கு நடக்க வேண்டும் அத்தை?" என்று மருமகன் கேட்டார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊரை ஒட்டிய ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்குப் போன அக்டோபரில் போயிருந்தோம். அங்கே 'ஃபயரி ஃபர்னஸ்' என்ற பாறைக்காட்டுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. புதியவர்கள் பூங்காவின் காவலரான ரேஞ்சரோடு போவது நல்லது என்கிறது பூங்கா. மகள் முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருந்தாள்.

பெயரைக் கேட்டால் தீச்சூளை. உள்ளே போனால் நிழலும் குளிர்ச்சியும்தான். மாலை வெயில் பட்டதும் பாறைகள் கங்குபோல் சிவப்பதால் வந்த பெயராம். மதில் மதிலாக நிற்கும் செம்மணற்பாறைகளுக்கு நடுவே சில இடங்களில் உடம்பை ஒருக்களித்துத்தான் போக வேண்டும். சுவர்களின் உயரத்தில் கைபேசி திசை தடுமாறியது. நான்கு முறை திரும்பிய பிறகு வந்த வழி எது என்று எங்களில் எவருக்கும் தெரியவில்லை.

எங்களை அழைத்துப் போன ரேஞ்சர், என் மகள் வயதுப் பெண். நான் ஒரு படத்துக்காகப் பாதை ஓரம் ஒதுங்கக் காலைத் தூக்கினேன். "அம்மா, அங்கே வேண்டாம்" என்று கையைப் பிடித்துவிட்டார். காலடியில் கறுத்து, முண்டு முண்டாகப் பொரிந்த மண். உட்கார்ந்து காட்டினார். பாலைவனமானாலும் அது உயிருள்ள மண். சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் ஈரம் பட்டதும் நகர்ந்து, நூல்போல ஒரு பசையை விட்டுச் செல்கின்றன. அந்த நூல்தான் மணலைக் காற்றில் பறக்காமல் கட்டிவைக்கிறது. காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்குவதும் அவைதான். ஒரு மிதியில் உடைந்தால் தேறப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் பாறைமேலோ ஓடை மணலிலோதான் நடக்க வேண்டும்.

34 வருடம் புவியியல் நடத்தியவள் நான். பாலைவனம் என்றால் உயிரற்ற மண் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன்! அந்த இடத்தில் உண்மையிலேயே மனசு கலங்கியது.

பாறைக் குழியொன்றில் மழைநீர் தேங்கியிருந்தது. அதில் கையை நனைக்கவும் அவர் விடவில்லை. நீர் வற்றினாலும் வருடக்கணக்கில் முட்டையாகக் காத்திருந்து, மழை பெய்ததும் பொரிக்கும் சிறு இறால்கள் அதில் வாழ்கின்றன. கையில் பூசிய வெயில் கிரீம் அவற்றுக்கு நஞ்சு.

இயற்கை எல்லோருக்கும் சொந்தம், வேலி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சீட்டுக் கிடைக்காமல் திரும்பும் குடும்பத்தின் வருத்தமும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தக் கட்டுப்பாடு சரி என்றே சொல்வேன். இதே பூங்காவில் வால் ஆர்ச் என்ற பெரிய பாறை வளைவு 2008 ஆகஸ்டில் ஓர் இரவு தானாகவே இடிந்து விழுந்தது. அது பாறையின் ஆயுள்; அதில் யாருக்கும் பங்கில்லை. கறுப்பு மண் அப்படி இல்லை. அதைக் கொல்வது நம் கால். எங்கே காலை வைக்கலாம் என்று மேப் சொல்லாது, மனிதர்தான் சொல்ல முடியும்.

இந்தப் பாறைகள் பிளந்ததற்குக் காரணம் அடியில் கிடக்கும் உப்பு என்றார் ரேஞ்சர். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் திரும்பத் திரும்ப வற்றி விட்டுப்போன உப்பு. மேலே ஏறிய பாரத்தில் அது நகர, பாறை வரிசை வரிசையாக வெடித்தது. உப்பளம் பார்த்து வளர்ந்த தூத்துக்குடிக்காரிக்கு அதைக் கேட்டதும் சொந்த ஊர்க் கதை கேட்டதுபோல் இருந்தது. பாறையின் சிவப்புக்குக் காரணமும் எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடான தேரியில் இருப்பதுதான், இரும்புத் துரு.

பங்குனி உத்திரத்துக்கு அந்தத் தேரியில் இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு வரும் பிள்ளைகள் அந்தச் செம்மணலில் உருண்டு விளையாடுகிறார்கள். மணல் ஏன் சிவந்தது, கோயில் சுனைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. தேரியிலேயே பிறந்து பனையேறிய பெரியவர்கள் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்து, பத்துப் பத்துப் பேராகப் பிள்ளைகளை அழைத்துப்போகச் சொல்லலாம். ஊராட்சி அதற்குச் சீட்டுப் போட்டால், பேரனுக்கும் எனக்குமாக முதல் இரண்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.