சுழிக்கு முன் காலைப் பாருங்கள்

ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில் இளங்குதிரை வாங்க வருகிறவர்களில் பலர் முதலில் தேடுவது ராசி என்று நம்பப்படும் மயிர்ச் சுழியை. ஓடப்போவது சுழியல்ல, கால். நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள் சுமக்கின்றன. பக்கவாட்டில் நின்று பார்க்கையில் முழங்கால் பின்னோக்கி வளைந்திருந்தால், வேக ஓட்டத்தில் மூட்டின் முன்பக்க எலும்புகள் நெரிந்து சில்லு பெயரலாம். முன்னோக்கிச் சற்றே மடிந்த முழங்கால் பார்வைக்குத்தான் அசிங்கம், அவ்வளவு ஆபத்தில்லை. குளம்பு வெளிப்பக்கம் திரும்பிய குதிரையோ நடக்கும்போது காலை உள்ளே வீசி எதிர்க்காலை அடித்துக்கொள்ளும். நிறுத்திப் பார்த்தால் இது பிடிபடாது. கெட்டித் தரையில் நேராக நடத்திப் பார்க்க வேண்டும்.

வளர வளரச் சரியாகிவிடும் என்பார் விற்பவர். பாதி உண்மை. முழங்காலுக்கு மேலுள்ள எலும்பு வளர்ச்சித் தட்டு ஏறக்குறைய இரண்டு வயதுவரை வேலை செய்கிறது. குளம்புக்கு மேலுள்ள கணு மூட்டிலோ சில மாதங்களிலேயே ஓய்ந்துவிடுகிறது. ஒரு வயதுக் குட்டியின் கணுக் கோணலை எந்த லாடமும் நிமிர்த்தாது. கோணல் கால் கொண்ட ரியல் கொயட் என்ற குதிரை 1998இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்றதே என்று கேட்கலாம். வென்றதுதான். ஆனால் அது 17,000 டாலருக்குத்தான் விலைபோனது. கோணல் விலையிலேயே கழிக்கப்பட்டிருந்தது. இங்கே சுழி நன்றாக அமைந்துவிட்டால் கோணலுக்கும் சேர்த்தே பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம்.