வாக்கும் உறுதியும்



சொறிக்கல்முனையில் மழை விடாமல் பெய்த ஒரு நாள். பேத்தி ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சி நாடகத்தைப் போட்டாள். ஜேன் ஒஸ்டின் 1811 இல் வெளியிட்ட 'சென்ஸ் அன்ட் சென்சிபிலிட்டி' என்ற காதல் நாவலை பி.பி.சி. 2008 இல் மூன்று பகுதிகளாக எடுத்தது. 2000 இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படமும் இந்தக் கதைதான். அதில் மம்முட்டி, எங்கள் நாட்டுப் போரில் காலை இழந்த இந்தியப் படைவீரராக வருவார்.

சாய்ந்தமருது ராத்தாவும் கூட இருந்து பார்த்தா. "பாஷை விளங்காட்டியும் அழுகை விளங்குது தங்கச்சி" என்றா.

காதலைப் பார்க்க இருந்த எனக்கு நெஞ்சில் தைத்தது வேறு. தகப்பன் சாகும்போது, சிறிய தாயையும் மூன்று தங்கைமாரையும் பார்ப்பதாக மூத்த தாரத்து மகன் வாக்குக் கொடுக்கிறான். நாவலில், தங்கைமாருக்கு ஆளுக்கு 1,000 பவுண் கொடுக்க நினைக்கிறான். மனைவி பேசப் பேச அது பாதியாகி, கடைசியில் இடைக்கிடை மீனும் இறைச்சியும் அனுப்பினால் போதும் என்று முடிகிறது. பெண்கள் நால்வரும் வீட்டைவிட்டு வெளிக்கிடுகிறார்கள்.

எழுதியவவும் வீடில்லாத் துயரம் அறிந்தவதான். 1805 இல் தகப்பன் இறந்தபின் தாயோடும் அக்காவோடும் இடம் மாறித் திரிந்து, 1809 இல் சகோதரர் கொடுத்த சிறிய வீட்டில் அமர்ந்தா.

1990 இல் கணவரை இழந்த எனக்கு மிஞ்சியது இந்த வீடுதான். எங்கள் பகுதியில் தமிழரிலும் முஸ்லிம்களிலும் வீடு பெண்பிள்ளைக்கென்பது வழக்கம். அம்மா வாயால் தந்தா, உறுதி எழுதவில்லை. போன வருடம் கண் மூடிவிட்டா. சட்டப்படி தம்பிக்கும் பங்குண்டு. "வீடு உனக்குத்தான் அக்கா" என்று அவன் வாக்குத் தந்திருக்கிறான். நல்லவன்தான். அந்த மகனும் முதலில் நல்லவன்தானே!

1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புச் சட்டப்படி, காணி கைமாற எழுத்தும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். வாய்ச்சொல் செல்லாது.

"உம்மா எனக்குத் தந்த வீட்டைக் கடல் கொண்டு போச்சு. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டின வீட்டைக் குடும்பத் தலைவரெண்டு அவர்ர பேரில எழுதிட்டாங்க" என்றா ராத்தா.

தம்பியிடம் உறுதி எழுதக் கேட்டேன். "வீட்டில கதைச்சிட்டுச் சொல்றன்" என்றான். வரும் ஞாயிறு மச்சாளையும் சோற்றுக்கு அழைத்திருக்கிறேன். அவ இருப்பதும் தாய் கொடுத்த வீட்டில்தான். அவவுக்கு விளங்கும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு உறுதி யார் பேரில் இருக்கிறது? இன்றைக்கே பெட்டியைத் திறந்து பாருங்கள்.