ஏத்தம் மிதிச்சது போதும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் வரிசையாகக் கோடவுன்கள். ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். மூணு டன் தூக்குகிற போர்க்லிப்ட் நிற்கும். லாரியிலிருந்து இறக்க வேண்டிய பெட்டியோ அதற்கு மேல் கனம். மிஷின் தூக்கப் பார்க்கும். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். சூப்பர்வைசர் என்ன செய்வார் தெரியுமா? பெரிய மிஷினைக் கொண்டுவரச் சொல்ல மாட்டார். "டேய், ரெண்டு பேரு பின்னாடி ஏறி நில்லுங்கடா" என்பார்.

ஏறுவது யார்? நிரந்தர வேலைக்காரர் ஏற மாட்டார். அவரை யாரும் 'டேய்' போடுவதும் இல்லை. காண்ட்ராக்டர் வேன்ல அள்ளிக்கிட்டு வந்த நம்ம காலனிப் பசங்கதான் ஏறணும். நானும் ஏறியிருக்கேன். இறங்குனப்ப சிரிச்சேன். இப்ப நெனச்சா உடம்பு கூசுது.

எங்க தாத்தா ஆண்டை கிணத்துல ஏத்தம் மிதிச்சவர். மரத்து மேல முன்னயும் பின்னயும் நடந்து நடந்து, தன் உடம்பையே எடைக்கல்லாக்கி ஊருக்குத் தண்ணி எறைச்சார். அந்தக் கிணத்துல ஒரு கை தண்ணி அள்ளிக் குடிக்க அவருக்கு உரிமை இல்ல. பேரன் நான் இரும்பு ஏத்தம் மிதிச்சேன். செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்கீர் 1891-ல் எழுதிய அறிக்கைக்குப் பின், 1892-ல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் நம்ம கையில் நின்றிருந்தால், விடியக்காலை அஞ்சு மணிக்குக் காண்ட்ராக்டர் வேனுக்கு ஏன் காத்துக் கிடக்கிறோம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். போர்க்லிப்ட்டும் ஏத்தம்தான். முன்சக்கரம் ஏத்தக்கால். முன்னால் சுமை, பின்னால் இரும்புப் பாளம். மூணு டன் என்று தகட்டில் எழுதியிருப்பது, சுமையின் நடு போர்க்கின் அடியிலிருந்து அரை மீட்டருக்குள் இருந்தால்தான். நீளமான பெட்டி வைத்து நடு முக்கால் மீட்டருக்குப் போனால் அதே மிஷின் ரெண்டரை டன்கூடத் தாங்காது. அறுபது அறுபது கிலோவில் ரெண்டு பேர் பின்னால் ஏறினால் கூடுதலாகத் தூக்க முடிவது கிட்டத்தட்ட கால் டன். ரெண்டு உசுரைப் பணயம் வைத்துக் கிடைக்கிற லாபம் அவ்வளவுதான். முன்னால் சுமை சறுக்கினால் எழும்பின பின்பக்கம் தொப்பென்று தரையில் அடிக்கும். நிற்கிறவன் தூக்கி எறியப்படுவான். இந்த வண்டி பின்சக்கரத்தால் திரும்புவது. திருப்பும்போது வால்பக்கம் வீசும். சுவருக்கும் இரும்புக்கும் நடுவில் அவன் நசுங்குவான்.

அப்புறம் ரிப்போர்ட் எழுதுவார்கள். 'தொழிலாளியின் கவனக்குறைவு.' ஊரில் வந்து 'அவன் விதி, தலையெழுத்து' என்பார்கள். இங்கிலீசில் ஒண்ணு, தமிழில் ஒண்ணு. ரெண்டும் ஒரே பொய்தான். ஆயுத பூசைக்கு மிஷினுக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கத் தெரிகிறது. பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கத் தெரியவில்லையா? பயிற்சி இல்லாத ஹெல்பர் பையன் கையில் சாவியைக் கொடுத்தது யாருடைய கவனக்குறைவு?

"எல்லாரும் தொழிலாளிதான், இதில் சாதி எங்கே வந்தது?" என்று சங்கத் தோழர்கள் கேட்பார்கள். பம்பாய் மில்லிலும் எல்லாரும் தொழிலாளிதான். ஆனால் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டத்தகாதவன் நுழைய முடியாது. அறுந்த நூலை வாயால் உறிஞ்சிக் கோர்க்க வேண்டும், எச்சில் தீட்டாகிவிடும் என்றார்கள் சகதொழிலாளிகள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் கேட்டார். அன்று நல்ல மிஷினைத் தொடவிடவில்லை. இன்று கெட்ட மிஷினைத் தலையில் கட்டுகிறார்கள். என்ன மாறியிருக்கிறது?

சட்டம் இல்லையா? இருந்தது. போபாலில் 1984-ல் மக்கள் செத்து விழுந்த பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பயிற்சியும் மேற்பார்வையும் தருவது முதலாளியின் கடமை, பயிற்சி கேட்பது தொழிலாளியின் உரிமை என்று எழுதினார்கள். 2025 நவம்பர் 21-ல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ன் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. மின்சாரத்தில் ஓடும் பட்டறை 'தொழிற்சாலை' ஆவதற்கு முன்பு 10 பேர், இப்போது 20. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்த முன்பு 20 பேர், இப்போது 50. நாற்பத்தொன்பதோடு நிறுத்தத் தெரியாத காண்ட்ராக்டர் எந்த ஊரில் இருக்கிறான்?

ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். தம்பி, தங்கச்சி, இதை மனசுல வை. மிஷினுக்குப் பின்னாடி ஏறாதே. ட்யூப்லைட் மாட்டுறதுக்கோ மேல்தட்டுப் பெட்டி எடுக்கறதுக்கோ போர்க் மேல நிக்காதே. தூக்குன சுமைக்கு அடியில நடக்காதே. ஓட்டச் சொன்னா முதல்ல பயிற்சி கேளு. தகட்டுல இங்கிலீசுல எழுதியிருக்கறதத் தமிழ்ல எழுதி ஒட்டச் சொல்லு. சுமையோட ஓட்டும்போது போர்க் தரையிலேர்ந்து ஒரு சாணுக்கு மேல போகக்கூடாது. சரிவுல சுமை எப்பவும் மேட்டுப் பக்கம் இருக்கணும். இறங்கும்போது பின்பக்கமா இறக்கு. பெல்ட் போடு. வண்டி சாஞ்சா குதிக்காதே. குதிக்கறவன் மேலதான் மேற்கூண்டு வந்து விழும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சு, சாயற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்.

தனியா ஒருத்தன் 'மாட்டேன்'னா நாளைக்கு அவனுக்கு வேன்ல இடம் இருக்காது. அதனால வேன்ல வர்ற அத்தனை பேரும் சேர்ந்து சொல்லணும். நிரந்தரத் தொழிலாளியும் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். சங்கம் என்று ஒன்று இருந்தால், அது முதலில் பேச வேண்டியது இதைத்தான். கொடியேற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கால் டன் கூடத் தூக்கணுமா? பெரிய மிஷின் வாங்கு. இரும்புக்கு இரும்பை வை. எங்க உடம்பு எடைக்கல் இல்ல.

ஜெய்பீம்!