ஜப்பானியப் பாட்டு: கேட்டது போதும், பாடிப் பாருங்க!

‘நருட்டோ’ ரசிகர்களிடம் “இரண்டாவது ஓபனிங்” என்று சொன்னால் போதும், உடனே ட்யூனை முணுமுணுப்பார்கள். பாட்டின் பெயர் என்ன, பாடியது யார் என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. பாட்டின் பெயர் ‘ஹருகா கனாதா’. பாடியது ‘ஏஷியன் குங்-ஃபூ ஜெனரேஷன்’ என்ற ராக் பேண்ட். டிவியில் வருவது சுமார் ஒன்றரை நிமிடம். முழுப் பாட்டு நான்கு நிமிடம்.

ஜப்பானிய பாப், ராக் பாடல்கள் இன்று எல்லோருடைய ப்ளேலிஸ்ட்டிலும் இருக்கின்றன. ஆனால் பாதிப் பாடல்கள் ‘அனிமே பாட்டு’, ‘ரீல்ஸ் பாட்டு’ என்ற இரவல் பெயரில்தான் இருக்கின்றன. இதில் என்ன நஷ்டம்? நஷ்டம் இருக்கிறது. அதைச் சரிசெய்ய எளிய வழி, கேட்பதோடு நிற்காமல் பாடிப் பார்ப்பதுதான்.

சோகப் பாட்டுக்கு சாப்பாட்டுப் பெயர்

இரவல் பெயர் வைப்பது புதிதல்ல. 1961-ல் ஜப்பானில் கியூ சகாமோட்டோ பாடிய ஒரு பாட்டு வெளியானது. கண்ணீர் கீழே சிந்திவிடாமல் இருக்க, வானத்தைப் பார்த்தபடி தனியாக நடக்கும் ஒருவனின் பாட்டு அது. எழுதியவர் எய் ரொகுசுகே. 1960-ல் அமெரிக்க - ஜப்பான் பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து நடந்த பெரும் போராட்டம் தோற்றுப்போன ஏமாற்றம் அந்த வரிகளுக்குப் பின்னால் இருந்தது.

பாட்டு மேற்கே போனபோது ஜப்பானியப் பெயர் வாயில் நுழையாது என்று நினைத்தார்கள். அதனால் ‘சுகியாகி’ என்று பெயர் மாற்றினார்கள். சுகியாகி என்பது ஒரு மாட்டிறைச்சிக் குழம்பு! நம்ம ஊர் சோகப் பாட்டுக்கு ‘மட்டன் சுக்கா’ என்று பெயர் வைத்த மாதிரி. 1963 ஜூனில் அது அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அதன் அர்த்தம் தெரியாது.

அர்த்தம் தெரியாமல் ரசிக்கக் கூடாதா? தாராளமாக ரசிக்கலாம், இசை அதற்குத்தான். ஆனால் ஜப்பானிய பாப்பில் ட்யூன் ஒன்று சொல்லும், வரிகள் வேறொன்று சொல்லும். யோஅசோபி இரட்டையரின் முதல் ஹிட் ‘யொரு நி ககேரு’ (2019) துள்ள வைக்கும் பாட்டு. அதற்கு அடிப்படையோ மரணத்தின் மீதான ஈர்ப்பைப் பேசும் ஓர் இணையச் சிறுகதை. மரியா டகேஉச்சியின் ‘பிளாஸ்டிக் லவ்’ (1984) ராத்திரி டிரைவுக்குச் செம பாட்டு. உள்ளே இருப்பது, காதலில் அடிபட்டு, இனி காதலே வெறும் விளையாட்டு என்று முடிவெடுத்த ஒரு பெண். ட்யூனோடு நின்றுவிட்டால் நமக்குக் கிடைப்பது பாதிப் பாட்டுதான்.

பாடுவதற்காகவே பாட்டு

கரோக்கே பிறந்த நாடு ஜப்பான். ‘கர’ என்றால் காலி, ‘ஓகே’ என்பது ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். 1971-ல் கோபே நகரில் இனோஉயே டைசுகே என்ற பார் இசைக்கலைஞர் காசு போட்டால் பின்னணி இசை மட்டும் ஒலிக்கும் பெட்டிகளைச் செய்து வாடகைக்கு விட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே டோக்கியோவில் நெகிஷி ஷிகெஇச்சி இதே போன்ற ஒன்றைச் செய்திருந்தார். இனோஉயே காப்புரிமை வாங்கவில்லை, கோடிகள் கைவிட்டுப் போயின. ஆனால் 2004-ல் இக் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புது வழி கண்டுபிடித்தாராம்!

கிண்டலுக்குள் ஓர் உண்மை இருக்கிறது. கரோக்கே அறையில் சுமாராகப் பாடுபவருக்கும் மைக் உண்டு. தனியாகவே போய்ப் பாடுவதற்கு ‘ஹிதொகர’ என்று தனிப்பெயரே இருக்கிறது. குரல் நல்லா இருந்தாதான் பாடணும் என்ற விதி அங்கே செல்லாது.

தமிழ் நாக்குக்கு இது ஈஸி

பாடத் தொடங்குபவருக்குப் பள்ளியில் படித்த குறில், நெடில் பாடம் இப்போது கைகொடுக்கும். ஜப்பானிய மொழியிலும் குறில், நெடில் மாறினால் அர்த்தம் மாறும். ‘ஒபசன்’ என்றால் அத்தை, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. தெரியாமல் நீட்டினால் வம்பு! ஆங்கிலேயர்கள் திணறும் ஜப்பானிய ‘ர’ நம்முடைய ‘ர’வுக்கு நெருக்கமானது. அவர்களுடைய ‘உ’வும் உதட்டைக் குவிக்காமல், ‘பாட்டு’ என்ற சொல்லின் கடைசி ஒலியைப் போல வரும்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தமிழ் இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. ஜப்பானியத்தில் இரட்டிக்கும் மெய்க்கும், சொல்லின் கடைசியில் வரும் ‘ன்’ ஒலிக்கும் முழு மாத்திரை. ‘இன்னும்’ என்று பொருள்படும் ‘மொத்தொ’வை நாம் இரண்டு தட்டில் முடித்துவிடுவோம். அவர்களுக்கு மொ - த் - தொ என்று மூன்று தட்டு. பாட்டில் பின்தங்குவதும் முந்துவதும் பெரும்பாலும் இங்கேதான்.

அதனால் ஆங்கில எழுத்தில் கிடைக்கும் வரிகளை மட்டும் நம்ப வேண்டாம். அவை பல நேரம் நெடிலைக் காட்டாது. கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். க, ட, த, ப எழுத்துகள் எங்கே அழுத்தி ஒலிக்கின்றன, எங்கே மென்மையாக ஒலிக்கின்றன என்று மட்டும் ஒரு குறி போட்டுக்கொண்டால் போதும்.

எதில் தொடங்கலாம்?

முதலில் ‘சுகியாகி’. அதன் உண்மைப் பெயர் ‘உஎ ஒ முயிதெ அருகோ’. நிதானமான தாளம். வரி மறந்தாலும் பரவாயில்லை, நடுவில் விசில் அடிக்கும் இடம் இருக்கிறது.

அடுத்து, தி புளூ ஹார்ட்ஸ் பேண்டின் ‘லிண்டா லிண்டா’ (1987). மெதுவாகத் தொடங்கிக் கத்தலாக வெடிக்கும் பங்க் ராக். இதற்குக் குரல் வளம் தேவையில்லை, தைரியம் போதும். இதை மையமாக வைத்து 2005-ல் வந்த ‘லிண்டா லிண்டா லிண்டா’ படத்தில், ஜப்பானிய மொழி சரியாக வராத ஒரு கொரிய மாணவிதான் பள்ளி பேண்டின் பாடகி. வேற்று மொழியில் பாடத் தயங்குபவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம்.

மூன்றாவது, ஸ்பிட்ஸ் பேண்டின் ‘செர்ரி’ (1996). மெலடி எளிது, சுருதி உயரம். ஆண்கள் ஸ்கேலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். நான்காவது, கென்ஷி யொனெசுவின் ‘லெமன்’ (2018). இழந்தவரை நினைக்கும் பாட்டு. பிரேதப் பரிசோதனை நிபுணர்களைப் பற்றிய ‘அன்நேச்சுரல்’ தொடருக்காக எழுதப்பட்டது.

யோஅசோபியின் ‘ஐடல்’ (2023) கடைசியில் இருக்கட்டும். அமெரிக்கா நீங்கலான பில்போர்டு உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ஜப்பானிய மொழிப் பாட்டு அது. அதன் வேகத்தில் மூச்சு வாங்கும்.

பெயர் சொல்லிக் கேளுங்கள்

மிகி மட்சுபாரா 1979-ல் பாடிய ‘மயொனக நொ டோஅ’ 2020-ல் திடீரென்று உலகம் முழுக்க வைரலானது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2004-லேயே இறந்துவிட்டார். பாட்டு பாடகரைத் தாண்டி வாழ்கிறது. அப்படி வாழும்போது பாடியவரின் பெயரும் பாட்டின் அர்த்தமும் கூடவே வர வேண்டாமா?

மாதம் ஒரு பாட்டு போதும். ஒன்றரை நிமிடத்தில் ஸ்கிப் செய்யாமல் முழுசா கேளுங்கள். மொழிபெயர்ப்பை ஒருமுறை படியுங்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சத்தமாகப் பாடுங்கள். ஒரு வரியைச் சரியாகப் பாட வேண்டுமானால் அதை நின்று கேட்டே ஆக வேண்டும். ப்ளேலிஸ்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு நம்ம பாட்டாக மாறுவது அங்கேதான்.