சைக்கிளை யாரிடம் ஒப்படைப்பது?



கப்பலூரில் பஜ்ரு தொழுதுவிட்டு வெளியே வந்தால், நான்குவழிச் சாலையில் லாரிகளின் இரைச்சலுக்கிடையே மெல்லிய டயர் போட்ட சைக்கிள்கள் சில ஓசையின்றிக் கடந்து போவதைக் காணலாம். தலைக்கவசம் அணிந்த இளைஞர்கள் திருமங்கலம் திசையிலும் மதுரைச் சுற்றுச்சாலையிலும் குனிந்தபடி மிதித்துச் செல்கிறார்கள். முன்பெல்லாம் இவ்வழியே சைக்கிளில் போனவர்கள் பால்காரர்களும் சிட்கோ தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோருமே. இப்போது உடல்நலத்தை எண்ணி மிதிப்போரும் சேர்ந்திருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் நம் மகனும் அவர்களுள் ஒருவர். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், பிறர் ஓட்டிய ரோடு பைக் ஒன்றை அவர் வாங்கியிருந்தார்.

அதைப் பழுது பார்க்க நல்ல கடை தேடிய கதையே இக்கட்டுரை. மார்க்கம் பேசும் இடத்தில் சைக்கிள் கடைக்கு என்ன வேலை என்று கேட்போர், அடுத்த பத்தியைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

மழைக்காலம் முடிந்ததும் அந்தச் சைக்கிளை ஒரு கடையில் சர்வீசுக்கு விட்டோம். கேட்ட கூலி 600 ரூபாய். நாம் பேரம் பேசி 400 ரூபாய்க்கு இறக்கினோம். அன்று மாலையே வேண்டும் என்றும் நெருக்கினோம். மாலையில் சைக்கிள் கண்ணைப் பறிக்கும் மினுமினுப்போடு வந்தது. மறுநாள் காலை, சுங்கச்சாவடிக்குச் சற்று முன்னால், முன்னே சென்ற லாரி வேகம் குறைக்க, மகன் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். பிரேக் பிடிக்கவில்லை. சைக்கிளைச் சாலையோர மண்ணில் திருப்பி விழுந்து, முழங்கை தோலுரிந்து வீடு வந்து சேர்ந்தார். அல்ஹம்துலில்லாஹ், அதோடு போயிற்று. நடந்தது என்னவென்றால், துடைத்துப் பளபளப்பாக்கியவர் டிஸ்க் பிரேக்கின் தட்டிலும் எண்ணெயைத் தெளித்திருக்கிறார். அந்தத் தட்டில் எண்ணெய் பட்டால், அதைப் பிடிக்கவேண்டிய பிரேக் கட்டைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு வழுக்கும். பிறகு தட்டை ஆல்கஹாலால் துடைத்து, கட்டைகளை மாற்றுவதே வழி.

கோபம் வந்தது உண்மை. கோபம் தணிந்தபின் நம் பங்கும் நினைவுக்கு வந்தது. இவ்வகைச் சைக்கிளில் பழக்கம் உண்டா என்று ஒரு வார்த்தையும் நாம் கேட்கவில்லை. நாம் பேசியதெல்லாம் விலை மட்டுமே.

நம் தெருமுனைச் சைக்கிள் கடைகளைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளோடு வளர்ந்த தொழில் அது. பின்னர் தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டிகள் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளை எல்லாம் எட்டின. அந்த வண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டுவதும், வீலுக்குக் கோட்டம் எடுப்பதும், ஓவராயில் செய்வதும் அந்தக் கடைக்காரர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. ஆனால் ரோடு பைக் வேறு இனம். சாதாரணப் பெரிய சைக்கிளின் 28 அங்குல ரிம்மில் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். ரோடு பைக்கின் 700சி ரிம்மில் அது 622 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. அதன் டியூபில் பெரும்பாலும் இருக்கும் மெல்லிய வால்வுக்கு வழக்கமான பம்பின் வாய் சேராது. கார்பன் சட்டத்தில் ஒரு போல்ட்டைக் கைப்பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் வெளியே தெரியாத விரிசல் விழலாம். இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பேனர் வேண்டும். பெரும்பாலான போல்ட்டுகள் அருகே, ஐந்து நியூட்டன் மீட்டர் என்பதுபோல், அதன் அளவு அச்சிடப்பட்டிருக்கும். ஹைட்ராலிக் பிரேக் என்றால், சில நிறுவனங்கள் மினரல் ஆயிலையும் சில டாட் ஆயிலையும் பயன்படுத்துகின்றன. மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக் செயலிழக்கும்.

அப்படியானால் நல்ல கடையை எப்படி அறிவது? அலைந்து திரிந்து நாம் கற்றதைச் சொல்கிறோம்.

முதலாவது, அவர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். நல்ல மெக்கானிக் விலை சொல்லும் முன் கேள்வி கேட்பார். எவ்வளவு ஓடியது, எங்கே சத்தம் வருகிறது, கடைசியாக எப்போது செயின் மாற்றியது என்று விசாரிப்பார்.

இரண்டாவது, செயினை எதைக் கொண்டு பார்க்கிறார் என்று பாருங்கள். செயின் தேய்மானத்தைக் கண்ணால் அளக்க முடியாது. அதற்கென்று சிறு அளவுகோல் உண்டு. 11, 12 கியர் வண்டிகளில் செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுவது நல்லது. நாள் கடத்தினால் பின்சக்கரப் பல்சக்கரங்களும் சேர்ந்து தேயும். அவற்றின் விலை செயினின் விலையைவிட அதிகம். அந்த அளவுகோல் இல்லாமலே ‘எல்லாம் மாற்ற வேண்டும்’ என்பவரையும், ‘ஒன்றும் மாற்ற வேண்டாம்’ என்பவரையும் நாம் ஒரே தட்டில்தான் வைப்போம்.

மூன்றாவது, கழற்றிய பழைய பாகத்தைக் கேளாமலே கையில் தருகிறாரா? கூடுதல் செலவென்றால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்கிறாரா? வேலை முடிந்ததும் தாமே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறாரா?

நான்காவதே முக்கியமானது. ‘இது எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் துணிவு அவருக்கு இருக்கிறதா?

மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி ஒரு பெண் தம் தந்தையிடம் பரிந்துரைத்த செய்தி அல்கஸஸ் அத்தியாயத்தில் வருகிறது. அவர் சொன்ன தகுதிகள் இரண்டு: வலிமை, நம்பகம். கைத்திறன் இருந்து நாணயம் இல்லாதவர் நம் பணத்தை எடுப்பார். நாணயம் இருந்து கைத்திறன் இல்லாதவர், அந்தக் கடையில் நடந்ததுபோல், நல்லெண்ணத்தோடே நம் பிள்ளையை லாரிக்கு முன்னால் தள்ளிவிடுவார். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும்.

பழுது பார்ப்பவரின் பொறுப்பு எதுவரை என்பதை நம் ஃபிகஹு நூல்கள் விரிவாகப் பேசியுள்ளன. பலருக்கும் பொதுவாக வேலை செய்யும் கைவினைஞர் ‘அஜீர் முஷ்தரக்’ எனப்படுவார். அவர் கையிலிருக்கும் பொருள் அமானிதம். அவர் செயலின்றி அது தொலைந்தால் ஈடு இல்லை, ஆனால் அவர் வேலையால் கெட்டால் ஈடு உண்டு என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. பெருந்தீ போன்ற தவிர்க்க முடியாத நிலை தவிர, தொலைந்தாலும் அவரே பொறுப்பு என்றனர் அவர்களின் மாணவர்கள் அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும். அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன் தையற்காரரையும் சாயம் தோய்ப்பவரையும் முன்வைத்து நடந்த விவாதம் இது. வாய்ப்பேச்சை நம்பாமல், என்ன வேலை, என்ன கூலி, எந்த நாள் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

அடுத்து ஒரு சங்கடம். விழுந்த செய்தி பரவியதும், ‘எந்தக் கடை ஹஜ்ரத்?’ என்று பலரும் கேட்டனர். சொன்னால் புறம் பேசுவதாகுமா? இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், பிறர் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு நிலைகளை எண்ணிக் காட்டுகிறார்கள். தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பது அவற்றுள் ஒன்று. ஆயினும் அந்த வாசலில் நுழையும் முன் கடைக்காரரைச் சந்திப்பதே நீதி என்று நமக்குப் பட்டது. சென்றோம். அவர் மறுக்கவில்லை. வேலை செய்த பையன் மோட்டார் சைக்கிள் பட்டறையிலிருந்து அண்மையில் வந்தவன். அங்கே பழகியபடியே எல்லா இடத்திலும் ஸ்பிரே அடித்திருக்கிறான். கடைக்காரர் புதிய கட்டைகளைப் பணம் வாங்காமல் போட்டுத் தந்தார். பையனை அருகில் நிறுத்தி, எண்ணெய் எங்கே படக்கூடாது என்று காட்டினார். ஆகவே அக்கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒருவர் சைக்கிளோடு வந்து நேரில் கேட்டால், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறோம். திருந்தியதையும் சேர்த்தே சொல்கிறோம். கைபேசியில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்கள், மறுபாதியையும் எழுதியிருக்கிறோமா என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இறுதியில் நமக்குக் கிடைத்தது கண்ணாடி போட்ட பெரிய கடையன்று. மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விட்ட காலத்தில் வேலை கற்ற முதியவர் ஒருவரின் சிறிய கடை. செயினை அளந்தார், கியரைச் சரிசெய்தார், சக்கரத்தின் கோட்டத்தை எடுத்தார். பிரேக்குக்கு வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டார். “ஹஜ்ரத், இந்த ஆயில் பிரேக்கில் நான் கை வைக்க மாட்டேன். காற்று எடுக்கிற சாமான் என்கிட்ட இல்ல. மதுரையில கொடுத்துப் பாருங்க” என்றார். வருமானம் கைவிட்டுப் போவதை அறிந்தே சொன்ன சொல் அது. அன்று முதல் வழக்கமான வேலை எல்லாம் அவரிடம். பிரேக் ஆயில் மாற்ற ஆண்டுக்கொருமுறை மதுரைக்கு. அவர் கேட்ட கூலியைப் பேரமின்றி, வேலை முடிந்த கையோடு கொடுக்கிறோம். உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். மெக்கானிக்கை மட்டும் ‘நாளைக்குப் பார்க்கலாம் பாய்’ என்று காக்கவைப்பது எந்த வகையில் தகும்?

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு சொல். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் பட்டறைகளில் இருக்கிறார்கள். பெண் கேட்டுப் போகும்போது மட்டும் ‘மெக்கானிக்’ என்ற சொல்லை மெல்லத் தாழ்த்திச் சொல்கிறோம். தாவூத் (அலை) கவசம் செய்தார்கள், ஸகரிய்யா (அலை) தச்சராக இருந்தார்கள் என்று மேடையில் முழங்குவதும் நாமே. நம் கோடைக்கால மக்தப் வகுப்புகளில் வாரம் ஒரு மணிநேரம், பஞ்சர் ஒட்டவும் பிரேக் பார்க்கவும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரலாமே! பெண்பிள்ளைகளுக்கும்தான். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றபோது, அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். ஓட்டத் தெரிந்த கைக்குப் பழுது பார்க்கவும் தெரிந்தால் நல்லதே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டு என்பது நபிமொழி தந்த பாடம். சைக்கிள் மிதிப்பவருக்கு அதன் பொருள், புறப்படும் முன் இரண்டு பிரேக்கையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு பிஸ்மி சொல்வது. நம் மகன் இப்போது தவறாமல் அதைச் செய்கிறார். வாசலில் நின்று நாமும் பார்க்கிறோம்.

நம் பிள்ளைகளின் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானாக! நம் கைவினைஞர்களின் உழைப்பில் பரகத் செய்வானாக! ஆமீன்.