படகுக்கு முன் தண்ணீர்

சென்ற வாரம் தென்காசி நண்பர் ஒருவர் தம் முதல் படகுப் பயணத் திட்டத்தைக் காட்டினார். காற்றடைத்து ஓட்டும் கனூ என்னும் சிறு படகு, கூடாரம், தூண்டில். செண்பகாதேவி அருவிக்கு மேலே ஆற்றோரம் இரண்டு இரவுகள். பட்டியலில் எல்லாம் இருந்தன. தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை.

குறவஞ்சியின் வழியே குற்றாலத்தை அறிந்த நமக்கு அருவி என்றால் களிப்பு. ஆனால் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. மழை மலைமேல் பெய்கிறது; கீழே நிற்பவனுக்கு வெயில்தான் தெரிகிறது. பாறைகளினூடே சரியும் அந்த ஆற்றில் துடுப்புக்கு வேலையும் இல்லை. மேலும், அக்காடு 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. அனுமதியின்றி அங்கே நுழைவதும் தங்குவதும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

“அப்படியானால் ஆசையே கூடாதா?” என்றார். கூடும், இடமும் காலமும்தான் மாற வேண்டும் என்பது என் கருத்து. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை மாதத்தில், ஊருக்கு அருகே நிறைந்து கிடக்கும் குளம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மீன்பாசிக் குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அம்மீன் அவருடைய பிழைப்பு. லைஃப் ஜாக்கெட் அணிந்து, மதகை விட்டு விலகி, கரையோரமாகத் துடுப்புப் போடலாம். கவிழ்ந்த படகில் மீண்டும் ஏறப் பழகலாம். இருட்டுமுன் வீடு திரும்பலாம். கூடாரம் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும்.

நண்பரின் முகம் வாடிற்று. தைக்கு இன்னும் நாளிருக்கிறதே என்று தேற்றிவிட்டு, நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். பதில் வரவில்லை.