சட்டம் நிறைவேறிய நாளில் அவையில் இல்லாதவர்

2018 டிசம்பர் 20 அன்று நெதர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவை பருவநிலைச் சட்டத்தைப் பெரும்பான்மை ஆதரவுடன் நிறைவேற்றியது. அரசு கொண்டுவந்த மசோதா அல்ல அது. உறுப்பினர்களே முன்மொழிந்த மசோதா. 2016 செப்டம்பரில் அதை முதன்முதலில் அவையில் வைத்தவர்கள் இருவர். பசுமை இடது கட்சியின் யெஸ்ஸெ கிளாவர் வாக்கெடுப்பின்போது அவையில் இருந்தார். தொழிலாளர் கட்சியின் டீடெரிக் சாம்சோம் அரசியலைவிட்டு விலகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஓர் அரசியல்வாதி உழைத்த சட்டம் அவர் போன பிறகு நிறைவேறுவது அரிதல்ல. ஆனால் சாம்சோமின் பொதுவாழ்க்கையைப் பின்தொடரும்போது எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. ஒரு துறையை ஐயந்திரிபறக் கற்றவர் அரசியலுக்கு வந்தால், அந்த அறிவு ஆட்சியில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும்?

சாம்சோம் 1971இல் குரோனிங்கன் நகரில் பிறந்தவர். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தார். பின்னர் கிரீன்பீஸ் அமைப்பின் செயற்பாட்டாளர். அதன்பின் பசுமை மின்சாரம் விற்கும் நிறுவனம் ஒன்றின் இயக்குநர். போராட்டக்களத்தையும் வணிகத்தையும் பார்த்துவிட்டு 2003இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 2012 பிப்ரவரியில் யோப் கோஹென் விலகியதும் கட்சித் தலைமை அவருக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த தேர்தலில் அவரது கட்சி 150 இடங்களில் 38ஐ வென்றது. 41 இடங்கள் பெற்ற மார்க் ருட்டேயின் தாராளவாதக் கட்சியோடு சேர்ந்து ஆட்சி அமைத்தது. சாம்சோம் அமைச்சர் பதவி ஏற்கவில்லை. அவையில் கட்சிக்குழுத் தலைவராகவே இருந்தார்.

அவரது வாழ்க்கையின் கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. அவர் பிறந்த குரோனிங்கன் மாகாணத்தின் அடியில் 1959இல் கண்டறியப்பட்ட எரிவாயுப் படுகை, ஐரோப்பாவின் மிகப் பெரிய படுகைகளில் ஒன்று. சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள மணற்பாறையிலிருந்து வாயுவை எடுக்க எடுக்க அழுத்தம் குறைகிறது, பாறை அமுங்குகிறது, பழைய பிளவுகள் நழுவுகின்றன. அதன் விளைவு நிலநடுக்கம். 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹௌசிங்கே கிராமத்தருகே ஏற்பட்ட அதிர்வின் அளவு 3.6. எண்ணாகப் பார்த்தால் சிறியது. ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் எழும் அதிர்வு, மேலே களிமண் நிலம், அதன்மீது செங்கல் வீடுகள் என்றால் சுவர்கள் விரிசல்விடச் சிறிய எண்ணே போதும்.

2013 ஜனவரியில் சுரங்கக் கண்காணிப்பு அமைப்பு அரசுக்கு ஒரு பரிந்துரை அளித்தது: உற்பத்தியை இயன்றவரை விரைவாகவும் அதிகமாகவும் குறைக்க வேண்டும். அரசோ மேலும் ஆய்வுகள் தேவை என்று சொல்லிக் காலம் கடத்தியது. அந்த ஆண்டு எடுக்கப்பட்ட வாயு ஏறத்தாழ 5,400 கோடி கனமீட்டர். பல பத்தாண்டுகளில் அதுவே உச்சம். அப்போது ஆளுங்கூட்டணியின் இரண்டாவது பெரிய கட்சிக்குத் தலைவர், இயற்பியல் படித்த, குரோனிங்கனில் பிறந்த சாம்சோம்.

பழி முழுவதையும் அவர்மீது சுமத்துவது நியாயமாகாது. எரிவாயு விவகாரம் கூட்டணித் தோழரின் கையில் இருந்த பொருளாதார அமைச்சகத்தின் பொறுப்பு. நிதி நெருக்கடிக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் வரவுசெலவுப் பற்றாக்குறையைக் குறைப்பதே ஆட்சியின் முதல் கவலை. அறுபது ஆண்டுகளில் 36,000 கோடி யூரோவுக்கு மேல் அரசுக்கு ஈட்டித்தந்த ஒரு படுகையின் குழாயைத் திருகி மூடும் துணிவு எளிதில் வருவதல்ல. ஆனால் இவை விளக்கங்கள் மட்டுமே. விரிசல்விட்ட வீட்டில் குழந்தைகளைத் தூங்கவைத்தவர்களுக்கு இவை பதிலாகா. 2023 பிப்ரவரியில் வெளியான நாடாளுமன்ற விசாரணைக்குழு அறிக்கை இதைத்தான் சொன்னது: குரோனிங்கன் மக்களின் நலன் அமைப்புரீதியாகப் புறக்கணிக்கப்பட்டது. உற்பத்தி 2023 அக்டோபரில்தான் நின்றது. நிரந்தரமாக மூடும் சட்டம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

இன்னொரு முரணும் உண்டு. பசுங்குடில் வாயு உமிழ்வை 2020க்குள் 1990ஆம் ஆண்டின் அளவைவிடக் குறைந்தது 25% குறைக்க வேண்டும் என்று உர்கெண்டா வழக்கில் ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2015 ஜூனில் தீர்ப்பளித்தது. உலகமே வியந்த அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தது, சாம்சோமின் கட்சி பங்கேற்றிருந்த அதே அரசு. 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது.

2016 மசோதாவை இந்தப் பின்னணியில்தான் நான் வாசிக்கிறேன். கூட்டணி ஒப்பந்தத்துக்குள் செய்ய முடியாததை அவையின் வழியாகச் செய்யும் முயற்சி அது. ஆட்சிகள் மாறினாலும் இலக்கு மாறக்கூடாது. ஒவ்வோர் ஆண்டும் அரசு அவைக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே அதன் உயிர். மூன்று மாதங்களில் கட்சியின் தலைமைத் தேர்தலில் துணைப் பிரதமராக இருந்த லோடவெய்க் அஸ்கெரிடம் சாம்சோம் தோற்றார், அவையைவிட்டும் வெளியேறினார். 2017 மார்ச் தேர்தலில் 38 இடங்கள் 9 ஆகச் சுருங்கின.

மசோதா மட்டும் பிழைத்தது; அதற்கும் ஒரு விலை உண்டு. ஏழு கட்சிகள் சேர்ந்து பேசி முடித்தபோது மூல வரைவின் கண்டிப்பு தளர்ந்திருந்தது. 2050க்குள் 95% குறைப்பு கட்டாய இலக்கு. 2030க்குள் 49% என்பது வெறும் 'முனைப்பு'. ஆனால் அந்தத் தளர்வுதான் ஆளுங்கட்சியையும் எதிர்க்கட்சிகளையும் ஒரே பக்கத்தில் நிறுத்தியது. 2023இல் இலக்குகள் முறையே முழுமையான பருவநிலைச் சமநிலை, 55% என உயர்த்தப்பட்டன. கண்டிப்பான சட்டம் தோற்றிருந்தால் உயர்த்துவதற்கு எதுவுமே இருந்திருக்காது.

2018இல் பருவநிலை ஒப்பந்தப் பேச்சுகளில் கட்டடங்கள் தொடர்பான குழுவுக்குச் சாம்சோம் தலைமை ஏற்றார். 70 லட்சம் வீடுகளில் பெரும்பாலானவை எரிவாயுவால் சூடேற்றப்படும் நாட்டில், 2030க்குள் 15 லட்சம் வீடுகளையும் கட்டடங்களையும் எரிவாயுவிலிருந்து விடுவிப்பது, அதை உள்ளாட்சிகள் வட்டாரம் வட்டாரமாகத் திட்டமிடுவது என்பது அதன் சாரம். 2019 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்தில் ஃபிரான்ஸ் டிம்மர்மான்ஸின் அலுவலகத் தலைவரானார். ஐரோப்பியப் பசுமை ஒப்பந்தமும், 2030க்குள் 55% குறைப்பைக் கட்டாயமாக்கிய 2021ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பருவநிலைச் சட்டமும் உருவானது அந்தக் காலத்தில்தான்.

38 இடங்களை வைத்துக்கொண்டு சாதிக்க முடியாததை, ஒரு வாக்குகூடப் பெறாத பதவியிலிருந்து அவரால் முன்னெடுக்க முடிந்தது. இதை வெற்றி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. மக்களிடம் வாதாடி வெல்லாத கொள்கைக்கு வேர் ஆழமிருக்காது. பழைய கொதிகலனை மாற்றும் வீடுகள் 2026 முதல் கலப்பு வெப்பப் பம்பைப் பொருத்த வேண்டும் என்று 2022இல் அறிவிக்கப்பட்ட விதியை, இரண்டே ஆண்டுகளில் வலதுசாரிக் கூட்டணி ஒப்பந்தம் ஒரு வரியில் கைவிட்டது. இலக்கு சட்டத்தில் இருந்தது. அதை எட்டும் வழி மறைந்துபோனது.

சாம்சோமின் பயணத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடங்கள் இரண்டு. ஒன்று, எரிசக்திக் கொள்கையின் காலக்கணக்கு முப்பது ஆண்டுகள். அரசியலின் காலக்கணக்கு நான்கு ஆண்டுகள். இரண்டையும் இணைக்கும் பாலம் சட்டம் மட்டுமே. ஆகவே நீர்த்துப்போனதாயினும் நிறைவேறிய சட்டம், நிறைவேறாத தூய சட்டத்தைவிட மேலானது. மற்றொன்று, துறை அறிவு ஒருவருக்கு எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும். கூட்டணியைப் பணயம் வைத்து எப்போது 'முடியாது' என்று சொல்ல வேண்டும் என்பதை அது சொல்லாது. 2013 ஜனவரியில் தேவைப்பட்டது அந்தச் சொல்தான்.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாளில், அந்தச் சட்டத்தின்படி, நெதர்லாந்து அரசு தன் பருவநிலைக் கணக்கை நாடாளுமன்றத்தின் முன் வைக்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்த நாள் வந்தே தீரும். அவையைவிட்டுப் போன ஓர் உறுப்பினர் அங்கே விட்டுச்சென்றது அந்த நாளைத்தான்.